ஐநா அமைதிப்படை பத்தின செய்தியை எப்படி படிக்கிறது? கோமால இருந்து ஆரம்பிக்கலாம்

2025 ஜனவரி கடைசில காங்கோவோட கிழக்குப் பக்கம் கோமாங்கற ஊரை எம்23ங்கற கிளர்ச்சிப் படை புடிச்சப்போ எனக்குத் தெரிஞ்ச வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரே கேள்விதான், "அங்க ஐநா படை பத்தாயிரத்துக்கு மேல இருக்கே, இருபத்தஞ்சு வருஷமா இருக்கே, அவங்க என்னதான் பண்ணாங்க?" நியாயமான கேள்விதான், தப்பே இல்ல. ஆனா அதுக்கு வந்த பதில் ரெண்டே ரெண்டு மாதிரிதான் இருந்துச்சு. ஒண்ணு "ஐநா ஒரு டம்மி பீஸ்", இன்னொண்ணு "பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க". ரெண்டுமே விஷயத்தைப் பாக்காம சொல்றது, அதான் இதை எழுதணும்னு உக்காந்தேன்.

ஒரு அமைதிப்படை பத்தி செய்தி வந்தா எதை எதை, எந்த வரிசைல பாக்கணும்னு நான் ரொம்ப நாளா எனக்குள்ள ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். போட்டித் தேர்வுக்கு படிக்கிற பசங்களுக்கும் இதைத்தான் சொல்லிக் குடுப்பேன். பரீட்சைக்காக மட்டும் இல்ல, சாகுறது மனுஷங்க, நம்ம ஊர் பசங்களும் ஐநா படை போடற நீலத் தொப்பிக்குள்ள இருக்காங்க, அதனால சரியா புரிஞ்சுக்கணும்னு நெனைக்கிறேன்.

முதல்ல வார்த்தையை சரி பண்ணிக்கலாம்

தமிழ்ல "அமைதிப்படை"ன்னு சொன்ன உடனே நாப்பது வயசுக்கு மேல இருக்கிற யாருக்கும் 1987 தான் ஞாபகம் வரும், ஈழத்துக்காரங்களுக்கு கேக்கவே வேண்டாம். அது ஐநா படை கிடையாது. 1987 ஜூலை 29 அன்னிக்கு ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் போட்ட ஒப்பந்தத்துல போன இந்திய ராணுவம் அது, பாதுகாப்பு கவுன்சிலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா அந்தக் கதைல இருந்து ஒரு பாடத்தை எடுத்து வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்: ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது ரெண்டு அரசாங்கம், துப்பாக்கி வெச்சிருந்த புலிகள் அதுல கையெழுத்தே போடல. ஜூலைல அமைதி காக்கப் போன படை அக்டோபர்ல யாழ்ப்பாணத்துல சண்டை போட்டுட்டு இருந்துச்சு, யாழ் ஆஸ்பத்திரிக்குள்ள டாக்டர், நர்ஸ், நோயாளின்னு பாக்காம சுட்டுக் கொன்னது அந்த மாசம்தான். 1990 மார்ச்ல அந்தப் படை திரும்பி வரும்போது ஆயிரத்துக்கு மேல இந்திய சிப்பாய்ங்க செத்திருந்தாங்க, செத்த பொதுமக்கள் எவ்வளவுன்னு அந்த ஊர்க்காரங்களைத்தான் கேக்கணும்.

இந்த முறை எதுக்காக உண்டாச்சு

இது தெரியாம மேல போகவே முடியாது, சுருக்கமா சொல்லிடறேன். 1956-ல சூயஸ் கால்வாய் பிரச்சனைல எகிப்து ஒரு பக்கம், இஸ்ரேல் பிரிட்டன் பிரான்ஸ் இன்னொரு பக்கம். சண்டை நின்னதும் நடுவுல நிக்க ஒரு படை வேணும்னு கனடாவோட லெஸ்டர் பியர்சனும் அப்போ ஐநா பொதுச்செயலாளரா இருந்த ஹாமர்ஷோல்டும் சேர்ந்து யோசிச்சதுதான் நீலத் தொப்பிப் படை. ரெண்டு ராணுவம், ரெண்டுக்கும் யூனிஃபார்ம் உண்டு, ஜெனரல் உண்டு, தலைநகர்ல போன் பண்ணா எடுக்க ஆள் உண்டு, தரையில ஒரு கோடு உண்டு, அந்தக் கோட்டுல இவங்க போய் நின்னுக்குவாங்க. சம்பந்தப்பட்டவங்க சம்மதிக்கணும், படை யார் பக்கமும் சாயக்கூடாது, தற்காப்புக்குத் தவிர சுடக்கூடாதுன்னு மூணு விதி. சைப்ரஸ்ல 1964-ல இருந்து இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் நிக்கிறாங்க, நம்ம ஜெனரல் திம்மையா அந்தப் படைக்குத் தலைமையா இருந்தப்பதான் 1965-ல அங்கயே இறந்து போனார்.

கோடு இருக்கிற இடத்துல இந்த முறை வேலை செய்யும். இன்னிக்கு நடக்கிற சண்டைங்கள்ல கோடு எங்க இருக்கு? பிரச்சனை பூரா இங்கதான் ஆரம்பிக்குது.

ஆளை எண்ணுங்க

செய்தி வந்த உடனே ஒரு பேப்பர்ல எழுதுங்க, யார் யார் சண்டை போடறாங்க. கிழக்கு காங்கோவுக்கு இதைப் பண்ணிப் பாருங்க, பேப்பர் பத்தாது. நூறுக்கு மேல ஆயுதக் குழு இருக்கு அங்க. எம்23, 1994 ருவாண்டா இனப்படுகொலை பண்ணவங்க மிச்சத்துல இருந்து வந்த எஃப்டிஎல்ஆர், உகாண்டால இருந்து வந்து இப்போ ஐஎஸ் பேரைச் சொல்லிக்கிற ஏடிஎஃப், அப்புறம் ஊருக்கு ஊர் மாய்மாய்னு சொல்ற குழுக்கள், அதுல பாதி காங்கோ அரசாங்கத்தோட சேர்ந்துக்கிட்டு இப்போ "வசலெண்டோ", அதாவது தேசபக்தர்கள்ங்கற பேர்ல இருக்காங்க. இதுக்கு மேல ருவாண்டா ராணுவம். ஐநாவோட நிபுணர் குழு 2024-ல குடுத்த அறிக்கைல ருவாண்டா சிப்பாய்ங்க மூணாயிரம் நாலாயிரம் பேர் எம்23 கூட இருக்காங்கன்னு எழுதிச்சு, ருவாண்டா இல்லவே இல்லன்னுச்சு.

அடுத்து ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல மூணு விஷயம் எழுதுங்க: காசு எங்கருந்து வருது, சண்டை நின்னா இவனுக்கு லாபமா நஷ்டமா, பேச்சுவார்த்தைக்கு கூப்பிட்டா யாரை கூப்பிடறது. கோல்டான்ங்கற தாது எடுக்கிற ருபாயா சுரங்கம் 2024-ல எம்23 கைக்குப் போச்சு, அங்க வரி வசூல் பண்றாங்க. சுரங்கம் கைல இருக்கிறவன் எதுக்கு சண்டையை நிறுத்துவான்? 1956-ல எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் சண்டை நின்னா ஆளுக்கு ஏதோ ஒண்ணு கிடைச்சுது, இங்க நிறைய பேருக்கு சண்டைதான் பொழைப்பு. நடுவுல நிக்கிற படைக்கு "நடுவு"ன்னு ஒரு இடமே இல்லாம போறது இதனாலதான்.

ஹைதில இன்னும் மோசம், அங்க ராணுவமும் இல்ல புரட்சிப் படையும் இல்ல, ரவுடி கும்பல்தான், தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ்ல பெரும்பகுதி அவங்க கைல. அங்க கென்யா தலைமைல ஒரு போலீஸ் படை 2024-ல போச்சு, 2,500 பேர்னு திட்டம், ஆயிரம் பக்கத்துல போய் நின்னுடுச்சு. 2025 செப்டம்பர்ல பாதுகாப்பு கவுன்சில் அதை மாத்தி 5,500 பேர் கொண்ட படைக்கு அனுமதி குடுத்துச்சு, அதுக்குப் பேரே கும்பல் ஒடுக்கும் படை. பேர்ல "பாதுகாப்பு உதவி"ங்கற வார்த்தை போய் "ஒடுக்கும்" வந்துடுச்சு பாருங்க, இந்த ஒரு பேர்ல எவ்வளவு மாறியிருக்குன்னு தெரியும்.

கையெழுத்தைப் பாருங்க

1987 பாடம் இங்கதான் வேணும். ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கா, அதுல கையெழுத்து போட்டவங்களும் களத்துல சுடறவங்களும் ஒரே ஆளுங்களா?

மாலி இதுக்கு நல்ல உதாரணம். மினுஸ்மாங்கற ஐநா படை 2013 ஜூலைல அங்க இறங்குச்சு. 2015-ல அரசாங்கமும் வடக்குப் பக்க துவாரெக் இனக் குழுக்களும் ஒரு அமைதி ஒப்பந்தம் போட்டாங்க, படை அதைக் காக்கணும்னு வேலை குடுத்தாங்க. ஆனா நிஜமா கேம்ப்பை அடிச்சது, கண்ணிவெடி வெச்சது அல்கொய்தா சம்பந்தப்பட்ட குழுக்கள், அவங்க ஒப்பந்தத்துல கிடையாது, கூப்பிடவும் இல்ல. அவங்களுக்கு ஐநா படைங்கறது நடுவர் இல்ல, எதிரி. காக்கறதுக்கு அமைதியே இல்லாத இடத்துல அமைதி காக்கும் படையை இறக்குனா அந்தப் படை முதல்ல தன்னைக் காத்துக்கவே நேரம் சரியா போயிடும், மாலில அதான் நடந்துச்சு, தண்ணி டீசல் கொண்டு வர கான்வாய்க்குப் பாதுகாப்பு குடுக்கிறதே பெரிய வேலை ஆயிடுச்சு. பத்து வருஷத்துல 300 பேருக்கு மேல செத்தாங்க. 2019 ஜனவரில அகெல்ஹோக் கேம்ப்ல ஒரே நாள்ல சாட் நாட்டு சிப்பாய்ங்க 10 பேர்.

மாண்டேட்டைப் படிங்க, பயப்பட வேண்டாம்

நிறைய பேர் இதைத் தாண்டிப் போயிடுவாங்க. ஒவ்வொரு படைக்கும் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் ஒண்ணு இருக்கும், அதுல படைக்குக் குடுக்கிற வேலையும் அதிகாரமும்தான் மாண்டேட்டு, ஐநா இணையதளத்துலயே இலவசமா கிடைக்குது, பத்து இருபது பக்கம்தான். தமிழ்ல கிடையாது, இங்கிலீஷ்லதான் படிக்கணும், பரவால்ல. முன்னாடி வர்ற "நினைவுகூர்ந்து", "கவலையுடன் கவனித்து" மாதிரி பத்தியை எல்லாம் தள்ளிட்டு நம்பர் போட்ட பத்திகளுக்குப் போங்க, அங்கதான் வேலை என்னன்னு இருக்கும்.

தீர்மானம் ஐநா சாசனத்தோட ஏழாவது அத்தியாயத்தின் கீழ வருதான்னு பாருங்க, ஆமான்னா ஆயுத பலத்தைப் பயன்படுத்த அனுமதி குடுக்க வழி இருக்குன்னு அர்த்தம். "தேவையான எல்லா வழிகளையும்" பயன்படுத்தலாம்ங்கற வரி இருந்தா சுடலாம். எதுக்காக சுடலாம்னும் பக்கத்துலயே இருக்கும், பொதுமக்களைக் காக்கவா, ஐநா ஆளுங்களைக் காக்கவா, இல்ல ஒரு குழுவைத் தேடிப் போய் அடிக்கவா. மூணும் வேற வேற.

ருவாண்டால 1994-ல ஐநா படைத் தளபதி ஜெனரல் டல்லேர் கைல 2,500 பேர் இருந்தாங்க, மாண்டேட்டு பலவீனம், ஆயுதம் பத்தல. பெல்ஜியம் சிப்பாய்ங்க 10 பேரைக் கொன்ன உடனே பெல்ஜியம் தன் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போயிடுச்சு, ஏப்ரல் 21 அன்னிக்கு கவுன்சில் படையை ஜாஸ்தி பண்ணாம 270 பேரா குறைக்க ஓட்டு போட்டுச்சு. நூறு நாள்ல எட்டு லட்சம் பேர் செத்தாங்க. அடுத்த வருஷமே போஸ்னியால ஸ்ரெப்ரெனிட்சா, "பாதுகாப்புப் பகுதி"ன்னு ஐநாவே அறிவிச்ச ஊரு, நெதர்லாந்து சிப்பாய்ங்க முன்னாடியே ஆம்பளைங்களையும் பசங்களையும் பிரிச்சு கூட்டிட்டுப் போய் கிட்டத்தட்ட 8,000 பேரைக் கொன்னாங்க. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும், பாதுகாப்பு இருக்குன்னு நம்பித்தான அந்த ஜனங்க அங்க வந்து சேர்ந்தாங்க.

இந்த ரெண்டுக்கும் அப்புறம்தான் பொதுமக்களைக் காக்கறதை மாண்டேட்டுலயே நேரடியா எழுத ஆரம்பிச்சாங்க, 1999-ல சியரா லியோன் படைல இருந்து. அது நல்ல மாற்றம், எனக்கு அதுல சந்தேகமே இல்ல. ஆனா எழுதறது சுலபம். தெற்கு சூடான் படைக்கு மாண்டேட்டுல 209 வேலை இருக்குன்னு 2018-ல ஐநா பொதுச்செயலாளர் குட்டெரஸே கவுன்சில்ல சொன்னார், இத்தனையை யாராலயும் செய்ய முடியாதுன்னும் சொன்னார். அதனால மாண்டேட்டைப் படிக்கும்போது வேலைங்களை எண்ணுங்க, பக்கத்துல சிப்பாய் எண்ணிக்கையையும் ஹெலிகாப்டர் எண்ணிக்கையையும் எழுதுங்க, நாட்டோட பரப்பளவையும் எழுதுங்க. பாதி பதில் அங்கயே கிடைச்சிடும்.

அடிக்க அனுமதி குடுத்தா எல்லாம் சரியாயிடுமான்னா அதுவும் இல்ல. கோமாவை எம்23 புடிச்சது 2025-ல முதல் தடவை இல்ல, 2012 நவம்பர்லயே ஒரு தடவை புடிச்சாங்க, ஐநா படை பாத்துட்டு இருந்துச்சு, உலகமே திட்டுச்சு. அதனால 2013-ல 2098-ங்கற தீர்மானத்துல ஒரு தாக்குதல் படைப்பிரிவை உருவாக்குனாங்க, தான்சானியா, தென்னாப்பிரிக்கா, மலாவி சிப்பாய்ங்க மூணாயிரம் பேர், குழுக்களைத் தேடிப் போய் முறியடிக்கலாம்னு அனுமதி. ஐநா அமைதிப்படை வரலாத்துல அப்படி நேரடியா குடுத்தது அதான் முதல் தடவை. அந்த வருஷம் நவம்பர்லயே காங்கோ ராணுவமும் இவங்களும் சேர்ந்து எம்23-ஐ தோக்கடிச்சாங்க. அப்போ எல்லாரும் இதான் வழின்னாங்க. ஆனா தோத்தவன் உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் ஓடினான், எதனால அந்தக் குழு வந்துச்சோ அது எதுவும் தீரல, 2021 கடைசில திரும்ப வந்துட்டான், இந்த தடவை நல்ல ஆயுதத்தோட. நடுவுல 2017 டிசம்பர்ல செமுலிகிங்கற இடத்துல ஏடிஎஃப்னு சந்தேகப்படற ஆளுங்க தான்சானியா சிப்பாய்ங்க 15 பேரைக் கொன்னாங்க. ஒரு தடவை சண்டைல ஒரு பக்கமா இறங்கிட்டா அப்புறம் நீலத் தொப்பிக்கு இருந்த மரியாதை திரும்ப வராது.

யார் அனுப்பறாங்க, யார் முடிவு பண்றாங்க, யார் காசு குடுக்கறாங்க

இந்த மூணும் ஒரே ஆள் இல்லங்கறதை மறக்காதீங்க. முடிவு பண்றது பாதுகாப்பு கவுன்சில்ல இருக்கிற பெரிய நாடுங்க. சிப்பாய் அனுப்பறது நேபாளம், ருவாண்டா, பங்களாதேஷ், இந்தியா மாதிரி நாடுங்க. காசுல பெரிய பங்கு அமெரிக்காவும் சீனாவும். ஒரு சிப்பாய்க்கு மாசம் 1,400 டாலருக்கு மேல ஐநா அந்த நாட்டு அரசாங்கத்துக்குக் குடுக்குது, சிப்பாய் கைல நேரா குடுக்கறது இல்ல, அரசாங்கம் தன் கணக்குப்படி குடுக்கும். ருவாண்டா பேரு எம்23 கணக்குலயும் வந்துச்சு, இங்கயும் வருதேன்னு கேட்டா ஆமா, அதே ருவாண்டாதான் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுலயும் தெற்கு சூடான்லயும் அமைதிப்படைல முக்கியமான ஆளு. அவங்க சிப்பாய்ங்களைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாங்கங்கற பயம் இருக்கிறதால ருவாண்டாவை அழுத்தறதுக்கு உலகம் தயங்குது.

எங்க சொந்தக்காரர் ஒருத்தர், வேலூர் பக்கம், ராணுவத்துல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர், கோமா பக்கம் இந்திய பிரிகேட்ல ஒரு வருஷம் இருந்துட்டு வந்தார். அவரை நான் ஒரு தடவை இதே கேள்வியைக் கேட்டேன், "மாமா, நீங்க இருந்தும் ஏன் ஊரைக் கொளுத்தறான்?" அவர் கோவப்படல. "பகல்ல வண்டில ரோந்து போவோம்டா, பசங்க ஜம்போ ஜம்போன்னு கத்திட்டே வண்டி பின்னாடி ஓடி வரும். பொழுது சாயறதுக்குள்ள கேம்ப்புக்கு வந்துடணும். அவன் வர்றது ராத்திரில, காட்டுக்குள்ள நடந்து. எங்க வண்டி போற ரோடு எதுன்னு அவனுக்குத் தெரியும், அவன் வர்ற வழி எதுன்னு எங்களுக்குத் தெரியாது"ன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "காலைல போய் பாப்போம், எரிஞ்ச வீடுதான் இருக்கும், அந்த பசங்க இருக்காதுங்க"ன்னார். அதுக்கு மேல நான் கேக்கல.

அவர் சொன்னதுல ஒரு விஷயம் கவனிச்சுக்கோங்க, பொழுது சாயறதுக்குள்ள திரும்பணும்ங்கறது யார் போட்ட விதி? நிறைய நாடுங்க படை அனுப்பும்போதே நிபந்தனை போடுது, சிலது வெளிப்படையா, சிலது சொல்லாம. இந்த ஏரியாவைத் தாண்டிப் போக மாட்டோம், ராத்திரி ரோந்து கிடையாது, சண்டைன்னு வந்தா எங்க தலைநகரைக் கேட்டுட்டுத்தான் செய்வோம்னு. ஐநா தளபதி ஒருத்தர் இருப்பார், ஆனா ஒவ்வொரு பட்டாலியன் கமாண்டருக்கும் இன்னொரு போன் லைன் தன் நாட்டுக்கு இருக்கும். சொந்த நாட்டுக்கு சம்பந்தமே இல்லாத சண்டைல பையனை சாகக் குடுக்க எந்த அரசாங்கமும் யோசிக்கத்தான் செய்யும், அதையும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. இந்தியா மட்டுமே இதுவரைக்கும் 170 பேருக்கு மேல பறிகொடுத்திருக்கு, காங்கோல 1961-ல செத்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவும் அந்தக் கணக்குல ஒருத்தர்.

காசு விஷயம் இப்போ ரொம்ப மோசம். 2025 அக்டோபர்ல காசு இல்லாததால ஒன்பது படைல இருந்து மொத்தம் 25 சதவீதம், அதாவது 13,000-ல இருந்து 14,000 பேர் வரைக்கும் குறைக்கிறோம்னு ஐநா சொல்லிடுச்சு. ஒரு ஊர்ல பாதுகாப்பு குறைஞ்சதுன்னு செய்தி வந்தா அங்க நிலைமை சரியாயிடுச்சா இல்ல ஐநா தலைமையகம் இருக்கிற நியூயார்க்ல பில் கட்டலையான்னு பாருங்க.

ஆயுதம் என்னன்னு பாருங்க

பழைய படைக்கு வெள்ளை வண்டியும் நீலக் கொடியும்தான் பாதுகாப்பு, தூரத்துல இருந்தே தெரியணும்னுதான் அந்தக் கலர். இப்போ அது குறி வைக்க வசதியா போச்சு. பிரேசில் ஜெனரல் சாண்டோஸ் குரூஸ் 2017-ல ஐநாவுக்குக் குடுத்த அறிக்கைல இதை முகத்துக்கு நேரா சொன்னார், நீலத் தொப்பியும் கொடியும் தானா பாதுகாப்பு குடுக்கிற காலம் போச்சுன்னு.

கண்ணிவெடி மாலிலயே பாத்தோம். 2023 அக்டோபர் கடைசில கிடால் கேம்ப்பை காலி பண்ணிட்டு காவோவுக்கு வந்த கான்வாய் சுமார் 350 கிலோமீட்டர் தூரம் வரணும், வழில பல தடவை வெடில மாட்டுச்சு, கிளம்பிப் போறவங்களைக்கூட விடல. இப்போ ட்ரோன் வேற. ஐநாவுலயே 2013 டிசம்பர்ல காங்கோல ஆயுதம் இல்லாத கண்காணிப்பு ட்ரோன் விட்டாங்க, அப்போ அது பெரிய முன்னேற்றம். பத்து வருஷத்துல நிலைமை தலைகீழ், எதிர்ல இருக்கிறவன்கிட்டயும் ட்ரோன், அதுக்கு மேல ஜிபிஎஸ்ஸைக் குழப்பற கருவி, விமானத்தை சுடற ஏவுகணை எல்லாம் வந்துடுச்சு. 2025 டிசம்பர்ல சூடான்ல காடுக்லி ஊர்ல ஐநா தளத்து மேல ட்ரோன் தாக்குதல், பங்களாதேஷ் சிப்பாய்ங்க 6 பேர் செத்தாங்க. மணல் மூட்டை அடுக்கி வெச்ச கேம்ப் மேல இருந்து வர்றதுக்கு என்ன பண்ணும்? பிரச்சனை என்னன்னா இதுக்கெல்லாம் தடுப்புக் கருவி வெச்சிருக்கிற நாடுங்க சிப்பாய் அனுப்பறது இல்ல, சிப்பாய் அனுப்பற நாடுங்ககிட்ட அந்தக் கருவி பத்தாது.

அந்த நாட்டு அரசாங்கம் என்ன நெனைக்குது

சம்மதம்ங்கறது ஒரு தடவை குடுத்தா முடிஞ்சுது இல்ல. 1956-ல உருவான அந்தப் படையை 1967 மே மாசம் எகிப்து அதிபர் நாசர் போகச் சொன்னார், படை கிளம்புச்சு, ஜூன்ல போர். மாலில 2020-லயும் 2021-லயும் ராணுவம் ஆட்சியைப் புடிச்சுது, 2021 கடைசில ரஷ்யாவோட வாக்னர் கூலிப்படை ஆளுங்க வந்தாங்க. 2022 மார்ச்ல மூரா கிராமத்துல மாலி ராணுவமும் வெளிநாட்டு ஆளுங்களும் சேர்ந்து குறைஞ்சது 500 பேரைக் கொன்னதா ஐநா மனித உரிமை அலுவலகம் 2023 மே மாசம் அறிக்கை குடுத்துச்சு. அடுத்த மாசமே மாலி வெளியுறவு அமைச்சர் கவுன்சில்ல உக்காந்து படை உடனே வெளியேறணும்னு கேட்டார், ஜூன் 30 அன்னிக்கு தீர்மானம், வருஷ முடிவுக்குள்ள காலி. அறிக்கைக்கும் வெளியேத்துனதுக்கும் நடுவுல ஒரே மாச இடைவெளி, நீங்களே தேதியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

இதுல இருக்கிற சிக்கல் என்னன்னா பொதுமக்களைக் காக்கணும்னு படைக்கு உத்தரவு, அந்த மக்களைக் கொல்றதுல அரசாங்க ராணுவமும் ஒண்ணு, அந்த அரசாங்கத்தோட அனுமதில தான் படை அங்க இருக்கவே முடியும். வாடகைக்கு குடி இருந்துட்டு வீட்டுக்காரரை எதிர்த்து சாட்சி சொல்ற மாதிரி. ரோந்து போக அனுமதி லேட்டாகுது, ஹெலிகாப்டர் பறக்க அனுமதி கிடைக்கலன்னு செய்தில சின்னதா ஒரு வரி வரும், அதை அடிக்கோடு போடுங்க, அதுதான் பெரிய செய்தி.

ஜனங்க என்ன சொல்றாங்க

2022 ஜூலைல காங்கோ ஜனங்களே ஐநா தளங்களுக்குள்ள புகுந்தாங்க, "காப்பாத்தல, கிளம்பு"ன்னு. புட்டெம்போங்கற ஊர்ல நம்ம எல்லைப் பாதுகாப்புப் படை ஆளுங்க ரெண்டு பேரும் மொராக்கோ சிப்பாய் ஒருத்தரும் செத்தாங்க, ஐநா ஆளுங்க சுட்டு ஜனங்களும் செத்தாங்க. ஐநாவே கிளர்ச்சிக்காரனுக்கு ஆயுதம் குடுக்குதுன்னு போன்ல பரவற பொய்யும் அந்தக் கோவத்துல எண்ணெய் ஊத்துச்சு. ஆனா எல்லாமே பொய்ச் செய்தியால வந்த கோவம்னு தள்ளிட முடியாது. ஹைதில 2010-ல காலரா கொண்டு வந்தது ஐநா கேம்ப் கழிவுதான், பத்தாயிரம் பேர் கிட்ட செத்தாங்க, மன்னிப்பு கேக்க 2016 ஆச்சு. அதே ஹைதில இருந்து 2007-ல இலங்கை சிப்பாய்ங்க 100 பேருக்கு மேல பாலியல் சுரண்டல் புகார்ல திருப்பி அனுப்பப்பட்டாங்க. காக்க வந்தவன் கைல ஒரு பொண்ணு சீரழிஞ்சா அந்த ஊர் அதுக்கப்புறம் எந்த நீலத் தொப்பியை நம்பும்? அதனால செய்தில "மக்கள் எதிர்ப்பு"ன்னு வந்தா அவசரமா தூண்டுதல்னு முடிவு பண்ணாதீங்க.

படை இல்லாம இருந்திருந்தா?

இதைக் கடைசில கேளுங்க, ஆனா கண்டிப்பா கேளுங்க. 2013 டிசம்பர்ல தெற்கு சூடான்ல சண்டை வெடிச்சப்போ ஜனங்க உயிரைக் கைல புடிச்சிட்டு ஐநா தளத்து வாசலுக்கு ஓடி வந்தாங்க, கேட்டைத் தொறந்து விட்டாங்க. எந்தத் திட்டத்துலயும் இல்லாத விஷயம் அது. அகோபோங்கற ஊர்ல அப்படி அடைக்கலம் தேடி வந்தவங்களைத் துரத்திட்டு வந்த கூட்டம் தளத்தையே அடிச்சுது, இந்திய சிப்பாய்ங்க ரெண்டு பேர் செத்தாங்க, உள்ள இருந்த ஜனங்களும் செத்தாங்க. ஆனா மத்த தளங்கள்ல உள்ள வந்தவங்க வருஷக்கணக்கா இருந்தாங்க, ஒரு கட்டத்துல ரெண்டு லட்சம் பேருக்கு மேல. சேறும் சகதியுமா, கூடாரத்துல, நோயோட இருந்தாங்க, 2016-ல மலாக்கால் முகாமுக்குள்ளயே புகுந்து கொன்னதும் நடந்துச்சு. இருந்தாலும் அந்த ரெண்டு லட்சத்துல பெரும்பாலானவங்க உயிரோட இருக்காங்கன்னா அந்த கேட்டைத் தொறந்ததாலதான்.

அடுத்து சூடானோட மேற்குப் பக்கம் இருக்கிற டார்ஃபூரைப் பாருங்க. அங்க ஐநாவும் ஆப்பிரிக்க ஒன்றியமும் சேர்ந்து நடத்துன படை 2020 டிசம்பர் 31 அன்னிக்கு வேலையை முடிச்சுக்கிச்சு. 2023 ஏப்ரல்ல சூடான் போர் ஆரம்பிச்சுது, அங்க எல் ஜெனெய்னாங்கற ஊர்ல மசாலித் இனத்து ஜனங்களைத் தேடித் தேடிக் கொன்னாங்க, 2025 அக்டோபர்ல எல் ஃபாஷர் நகரமும் விழுந்துச்சு. அங்க கேட்டும் இல்ல, தொறக்க ஆளும் இல்ல. பழைய படை இருந்திருந்தா எல்லாரையும் காப்பாத்தியிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன், அதுவும் ரொம்ப குறைபாடுள்ள படைதான். ஆனா ஓடிப் போய் நிக்க ஒரு வாசல் இருந்திருக்கும்.

இப்போ கோமாவுக்கு திரும்ப வாங்க. பக்கத்துல சாகே கிட்ட நடந்த சண்டைல தென்னாப்பிரிக்கா, உருகுவே சிப்பாய்ங்க ஐநா தொப்பியோடயே செத்தாங்க. ஊர் விழுந்தப்போ காங்கோ ராணுவத்துக்காரங்க பல பேர் ஆயுதத்தைக் குடுத்துட்டு ஐநா கேம்ப்புக்குள்ள ஒதுங்கினாங்க, அப்புறம் செஞ்சிலுவைச் சங்கம் அவங்களைக் காங்கோ தலைநகர் கின்ஷாசாவுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதாச்சு. பேப்பர்ல எழுதுனதை எல்லாம் ஒண்ணா வெச்சுப் பாருங்க: நூறு குழு, பக்கத்து நாட்டு ராணுவம், 2023-லயே படையைக் கிளம்பச் சொல்லி ஆரம்பிச்ச காங்கோ அரசாங்கம், தெற்கு கிவு மாகாணத்துல இருந்து 2024 ஜூன்ல ஏற்கனவே வெளியேறின படை, நம்பாத ஜனங்க. "என்னதான் பண்ணாங்க"ங்கற கேள்வியை நான் இன்னும் விடல, ஆனா அதை சிப்பாயைப் பாத்து மட்டும் கேக்க மாட்டேன், நியூயார்க்லயும் ருவாண்டா தலைநகர் கிகாலிலயும் கின்ஷாசாலயும் சேர்த்துக் கேப்பேன்.

இதைப் பழகிப் பாக்கணும்னா லெபனான் படையை எடுத்துக்கோங்க. 1978-ல இருந்து அங்க இருக்கு, நம்ம இந்திய பட்டாலியனும் உண்டு, 2024 அக்டோபர்ல இஸ்ரேல் தாக்குதல்ல அந்தப் படைல இருந்த இலங்கை சிப்பாய்ங்க ரெண்டு பேருக்குக் காயம் பட்டுச்சு. 2025 ஆகஸ்ட்ல கவுன்சில் போட்ட 2790 தீர்மானப்படி 2026 டிசம்பர் 31 தான் கடைசி, அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள காலி பண்ணணும். தீர்மானத்தை இறக்கி வெச்சு நம்பர் போட்ட பத்திங்களை மட்டும் படிங்க, அப்புறம் ஒரு பேப்பர் எடுத்து முதல் வரில இருந்து ஆளுங்களை எழுத ஆரம்பிங்க.